எலுமிச்சைக்கு அப்பா நார்த்தை: சிட்ரஸ் பேரினத்தின் வம்சாவளியை டிஎன்ஏ அவிழ்த்த கதை

எலுமிச்சை விதையை நாற்றங்காலில் ஊன்றியவர்களுக்கு ஒரு விஷயம் பழக்கம். போட்டது ஒரு விதைதான், ஆனால் வருவது இரண்டு, சில சமயம் மூன்று முளை. அவற்றில் ஒன்று மற்றவற்றிலிருந்து தனித்து, இலை வேறு மாதிரியாகவோ நோஞ்சானாகவோ இருந்தால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். மிச்சமெல்லாம் தாய்மரத்தை அப்படியே உரித்து வைத்தது போல வளரும். சிட்ரஸ் என்ற பேரினத்தில் எத்தனை சிற்றினங்கள் இருக்கின்றன என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டதற்குக் காரணம் இந்த முளைகளில்தான் ஒளிந்திருந்தது.

எலுமிச்சை, நார்த்தை, பம்பளிமாஸ், சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு எல்லாமே சிட்ரஸ்தான். பூக்கும் தாவரங்களில் வில்வமும் கறிவேப்பிலையும் சேர்ந்த அதே ரூட்டேசி குடும்பம். பொருளாதார மதிப்பில் உலகின் முன்வரிசைப் பழமரங்கள் இவை. அப்படியிருந்தும் இவற்றுக்குள் யார் யாருக்கு உறவு என்பதில் பெரிய அறிஞர்களுக்கே உடன்பாடு இல்லை.

தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753ல் பட்டியல் போட்டபோது இரண்டே சிற்றினம்தான் சொன்னார். லெமனை (நம் எலுமிச்சை இல்லை, மேலைநாட்டுப் பழம்) நார்த்தையின் ஒரு வகையாகவும், பம்பளிமாஸைக் கசப்பு ஆரஞ்சின் ஒரு வகையாகவும் வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பேர் வந்தார்கள். அமெரிக்க வேளாண்துறையில் இருந்த வால்டர் ஸ்விங்கிள் 16 சிற்றினங்கள் என்றார். ஜப்பானின் சோசபுரோ தனகா பட்டியலை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் 162ல் நிறுத்தினார். பதினாறுக்கும் நூற்று அறுபத்திரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம். இருவரும் பார்த்தது கிட்டத்தட்ட அதே மரங்களை, அளந்தது அதே இலைக்காம்புச் சிறகு, பூ, தோல், சுளை. இதில் எவரும் கவனக்குறைவானவர் இல்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

குழப்பத்துக்குக் காரணம் மரத்தின் பக்கம்

பொதுவாக ஒரு செடி கலப்பினமா, தனிச் சிற்றினமா என்று சந்தேகம் வந்தால் விதை போட்டுப் பார்ப்பது பழைய வழி. கலப்பினம் என்றால் பிள்ளைகள் ஒன்று அப்பா சாயலிலும் ஒன்று அம்மா சாயலிலும் சிதறிப் போகும். தனிச் சிற்றினம் என்றால் ஒரே மாதிரி வரும். பல சிட்ரஸ் வகைகளிடம் இந்தச் சோதனை செல்லாது.

அவற்றின் விதைக்குள் மகரந்தம் சேர்ந்து உருவான கரு ஒன்று இருக்கும். அதோடு, சூலுக்குள் கருப்பையைச் சுற்றியிருக்கும் சூல்திசுவிலிருந்தும் கருக்கள் கிளம்பும். இவற்றுக்கு அப்பா கிடையாது, முழுக்க முழுக்க தாயின் நகல். நாற்றங்காலில் வரும் இரண்டு மூன்று முளைகள் இவைதான். பெரும்பாலும் நகல்களே முந்திக்கொண்டு வளர்ந்து, நிஜமான பிள்ளையை அமுக்கிவிடும். தமிழ்நாட்டில் எலுமிச்சையை ஒட்டுக்கட்டாமல் விதை மூலமே பரப்பியும் மரங்கள் ஒரே சீராக வருவது இதனால்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எப்போதோ ஒரு தேனீ இரண்டு தூரத்து உறவுகளைக் கலந்துவிட்டது. பிறந்த மரத்துக்கு இந்த நகல் எடுக்கும் குணமும் வாய்த்துவிட்டது. அப்புறம் அது நூற்றாண்டு நூற்றாண்டாக மாறாமல் தன்னையே விதைத்துக்கொள்கிறது, ஊர் ஊராகப் போகிறது, ஊருக்கு ஒரு பெயர் வாங்குகிறது. தாவரவியலாளர் வந்து பார்க்கும்போது பெயர் தனி, உருவம் தனி, விதை போட்டால் அப்படியே வருகிறது. தனிச் சிற்றினம் என்று எழுதிக்கொள்வதைத் தவிர அவர் என்ன செய்வார்? தனகாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1975, 1976ல் ஸ்கோரா என்பவரும், பாரெட்டும் ரோட்ஸும் தனித்தனியாக ஒரு துணிச்சலான கருத்தைச் சொன்னார்கள். சாகுபடியில் இருக்கும் சிட்ரஸில் அசல் சிற்றினம் மூன்றுதான்: நார்த்தை, பம்பளிமாஸ், மாண்டரின் எனப்படும் கமலா வகை. மற்றதெல்லாம் இவை கலந்து வந்தவை. வேதிப்பொருள்களையும் உருவ அளவுகளையும் வைத்துப் போட்ட கணக்கு அது, டிஎன்ஏ எதையும் அவர்கள் பார்க்கவில்லை. பின்னால் பார்க்கும்போது, மிகக் குறைந்த ஆதாரத்தில் இலக்கை மிக நெருங்கியவர்கள் இவர்கள் என்று தோன்றுகிறது.

தாய் வழியும் இரு வழியும்

டிஎன்ஏ சோதனையில் முதல் தந்திரம் எளிமையானது. தாவர செல்லில் டிஎன்ஏ ஒரே இடத்தில் இல்லை. உட்கருவில் இருப்பது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பாதிப் பாதி வருவது. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குள் சின்னதாக இன்னொரு டிஎன்ஏ வளையம் இருக்கிறது. சிட்ரஸில் இது தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆகவே ஒரு மரத்தின் பசுங்கணிக டிஎன்ஏ ஓர் இனத்தைக் காட்டி, உட்கரு டிஎன்ஏ அதோடு இன்னொரு இனத்தையும் சேர்த்துக் காட்டினால், முதலாவது தாய், இரண்டாவது தந்தை.

2000ல் இத்தாலியின் கட்டானியாவில் நிக்கோலோசியும் கூட்டாளிகளும் இந்த வழியில் போனார்கள். லெமனின் உட்கருவில் நார்த்தையின் அடையாளங்களும் கசப்பு ஆரஞ்சின் அடையாளங்களும் சேர்ந்து கிடைத்தன. பசுங்கணிகம் கசப்பு ஆரஞ்சுடையது. அதாவது லெமனுக்கு அம்மா கசப்பு ஆரஞ்சு, அப்பா நார்த்தை. அந்தக் கசப்பு ஆரஞ்சே பம்பளிமாஸுக்கும் மாண்டரினுக்கும் பிறந்தது, அதில் அம்மா பம்பளிமாஸ். ஆக லெமனின் தாய்வழியைப் பிடித்துக்கொண்டு போனால், கால்பந்து அளவு பழம் தரும் பம்பளிமாஸில் போய் முட்டுகிறோம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் லெமன் ரைஸ், லெமன் ஜூஸ் என்று சொல்வது எதுவும் லெமன் இல்லை. மேலைநாட்டுச் சமையலில் வரும், முனையில் காம்பு போல் நீண்ட, தடித்த மஞ்சள் தோல் பழம்தான் லெமன். நம் வீட்டில் உருண்டையாக, மெல்லிய தோலோடு இருக்கும் எலுமிச்சை வேறு கலப்பு. உலகச் சந்தையில் அதை மெக்சிகன் லைம், கீ லைம் என்பார்கள். அதன் அப்பாவும் நார்த்தைதான். அம்மா யார் என்பது எதிர்பாராத பதில்: பிலிப்பைன்ஸில் வளரும் மைக்ராந்தா என்ற சிட்ரஸ். அதன் பழம் சின்னது, தோல் தடித்தது, சாறு கொஞ்சம். சும்மா கொடுத்தாலும் நாம் ஊறுகாய்க்குக்கூட வாங்க மாட்டோம். நார்த்தையும் அப்படித்தான், முக்கால்வாசி வெள்ளைச் சதை. சாறே இல்லாத இருவருக்குச் சாறு சொட்டும் பிள்ளை பிறந்திருக்கிறது.

2016ல் கர்க் என்பவர் தலைமையில் லைம், லெமன் வகைகளில் 133 மாதிரிகளை எடுத்துப் பார்த்த ஆய்வு இந்த உறவுகளை உறுதி செய்தது. கூடவே சில போலிப் பெயர்களையும் அம்பலப்படுத்தியது. ரங்பூர் லைம் என்பது லைம் இல்லை, ரஃப் லெமன் என்பது லெமன் இல்லை. இரண்டுமே மாண்டரின் தாய்க்கும் நார்த்தைத் தந்தைக்கும் பிறந்தவை. ரஃப் லெமனை நம் நாட்டு நர்சரிகள் ஜம்பேரி என்ற பெயரில் வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் ஆரஞ்சை ஒட்டுகின்றன. விதை இல்லாத பெரிய பச்சை லைம் ஒன்று கடைகளில் வருகிறதே, பாரசீக லைம், அதற்கு மூன்று தொகுதிக் குரோமோசோம். லெமனின் சூல்முட்டையும் எலுமிச்சையின் இரட்டைத் தொகுதி மகரந்தமும் சேர்ந்து வந்தது. விதை இல்லாமல் போனதற்கும் அந்த ஒற்றைப்படைக் கணக்குதான் காரணம்.

இத்தனை கலப்பிலும் நார்த்தை எப்போதும் அப்பாவாகவே வருகிறது, ஒரு இடத்தில்கூட அம்மா இல்லை. நார்த்தை பெரும்பாலும் பூ விரியும் முன்பே தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் மரம். வெளி மகரந்தம் உள்ளே நுழைய வாய்ப்புக் குறைவு, அதன் மகரந்தம் வெளியே போகத் தடையில்லை. இந்தத் தன்-சேர்க்கையின் தழும்பு அதன் டிஎன்ஏவிலேயே இருக்கிறது. அப்பா வழிப் பிரதியும் அம்மா வழிப் பிரதியும் ஆயிரம் எழுத்துக்குச் சுமார் ஒன்றில்தான் மாறுபடுகின்றன.

மரம் வரைந்தால் தப்பாகிவிடும்

பரிணாம உறவு என்றாலே கிளை பிரியும் மரப் படம்தான் நினைவுக்கு வரும். ஒரு மூதாதை, அதிலிருந்து இரண்டு கிளை, அதிலிருந்து நான்கு. சிட்ரஸில் இந்தப் படத்தை அவசரப்பட்டு வரைந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். லெமனின் பசுங்கணிகத்தை வைத்து வரைந்தால் அது பம்பளிமாஸ் பக்கத்தில் போய் உட்காரும். உட்கருவில் ஒரு மரபணுவை எடுத்தால் நார்த்தை பக்கம் போகும், இன்னொரு மரபணுவை எடுத்தால் மாண்டரின் பக்கம். மூன்று படமும் அந்தந்த மரபணுவுக்குச் சரி, லெமனுக்குத் தப்பு. கலப்பினங்களை முதலில் அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டு, தூய சிற்றினங்களுக்கு மட்டும்தான் மரம் வரைய முடியும். ஆனால் எது தூயது என்று எப்படித் தெரியும்?

முழு ஜீனோமையும், அதாவது ஒரு செடியின் மொத்த டிஎன்ஏவையும், படித்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். சிட்ரஸுக்கு ஒன்பது ஜோடிக் குரோமோசோம். ஒப்பிட ஒரு அளவுகோல் பிரதி வேண்டும். அதற்காகக் கிளெமென்டைன் ஆரஞ்சில் ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம் மட்டுமே கொண்ட ஒரு செடியைப் பயன்படுத்தினார்கள். இரண்டு பிரதி இருந்தால் எது எதன் எழுத்து என்று கலங்கும், ஒன்றே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. 2014ல் வெளியான அந்த வேலையும், 2018ல் நேச்சர் இதழில் வந்த பெரிய ஆய்வும் ஒரே அணியின் தொடர்ச்சி: குவோஹோங் ஆல்பர்ட் வூ, வலென்சியாவின் மனுவல் டலோன், புளோரிடாவின் ஃபிரெட் கிமிட்டர் முதலானோர்.

அவர்கள் பார்த்த விதம் இது. ஒரு மரத்தின் குரோமோசோம் ஜோடியை முனையிலிருந்து முனை வரை சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பிரதிகளும் எவ்வளவு மாறுபடுகின்றன என்று எண்ணுவது. இரண்டு பிரதியும் ஒரே சிற்றினத்தின் சொத்து என்றால் வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் கீழே. வேறு வேறு சிற்றினங்களிலிருந்து வந்திருந்தால் இரண்டு சதவீதத்தை ஒட்டி எகிறும். நடுவில் தெளிவான இடைவெளி. மரம் முழுக்கத் தாழ்வாகவே ஓடினால் தூய சிற்றினம். முழுக்க உயரமாகவே ஓடினால் நேரடியாக இரண்டு சிற்றினம் கலந்த முதல் தலைமுறை. ஏறி ஏறி இறங்கினால் பல தலைமுறைக் கலப்பு.

எலுமிச்சையின் கோடு முனையிலிருந்து முனை வரை உயரத்திலேயே நிற்கிறது. ஒரு பிரதி முழுக்க மைக்ராந்தா, மறு பிரதி முழுக்க நார்த்தை. எங்கேயும் ஒட்டு இல்லை. அந்த முதல் கலப்புக்குப் பிறகு அது ஒரு தலைமுறைகூட முறைப்படி இனப்பெருக்கம் செய்து இறங்கவில்லை, நகலாகவே வந்திருக்கிறது. லெமனில் ஒரு பிரதி முழுக்க நார்த்தை. மறு பிரதி பம்பளிமாஸ் துண்டும் மாண்டரின் துண்டும் மாறி மாறித் தைத்த ஒட்டுத்துணி. கசப்பு ஆரஞ்சு சூல்முட்டை உருவாக்கும்போது தன் அப்பா அம்மா குரோமோசோம்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட்டதன் அடையாளம் அது.

சாத்துக்குடியும் வலென்சியாவும் நேவலும் சேர்ந்த இனிப்பு ஆரஞ்சில்தான் சண்டை வந்தது. 2013ல் சீனாவின் வூஹான் அணி அதன் ஜீனோமை வெளியிட்டு, பம்பளிமாஸும் மாண்டரினும் சேர்ந்த கலப்பு மறுபடி மாண்டரினோடு கலந்ததுதான் இனிப்பு ஆரஞ்சு என்றது. கேட்க நேர்த்தியான கதை. ஆனால் அது உண்மையானால் எந்த இடத்திலும் குறைந்தபட்சம் ஒரு பிரதியாவது மாண்டரினாக இருந்தாக வேண்டும். அடுத்த ஆண்டு வூ அணி, இரண்டு பிரதியுமே பம்பளிமாஸாக இருக்கும் பகுதிகள் இனிப்பு ஆரஞ்சில் இருப்பதைக் காட்டியது. அப்பா, அம்மா இருவரிடமும் பம்பளிமாஸ் ரத்தம் இருந்தால்தான் இது நடக்கும். ஒரு எளிய கதையைக் குரோமோசோமின் சில துண்டுகள் கவிழ்த்துவிட்டன. இந்த முழு வழக்கிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதே ஆய்வில் இன்னொரு அதிர்ச்சி. அசல் சிற்றினம் என்று எல்லோரும் கையைக் காட்டிய மாண்டரின்களில் பொங்கான் போன்ற பழைய பேர்பெற்ற வகைகளிலும் பம்பளிமாஸ் துண்டுகள் கிடந்தன. பம்பளிமாஸ் பங்கு கூடக் கூடப் பழம் பெரிதாகவும் புளிப்புக் குறைந்தும் போவதை 2018 ஆய்வு காட்டியது. தூய மாண்டரின் வாயில் வைக்க முடியாத புளிப்பு. கமலா ஆரஞ்சின் இனிப்புக்கு ஒரு பகுதி நன்றி பம்பளிமாஸுக்குப் போக வேண்டும்.

பத்துப் பேர், எண்பது லட்சம் ஆண்டு

2018 ஆய்வில் 60 மாதிரிகள். கலப்பினங்களை ஒதுக்கிய பிறகு தூய சிற்றினங்களாகப் பத்து மிஞ்சின. நார்த்தை, பம்பளிமாஸ், மாண்டரின், மைக்ராந்தா, கும்குவாட், சீனாவின் இச்சாங் பப்பேடா, ஹுனான் மலைகளின் மாங்ஷான் காட்டு வகை, அப்புறம் ஆஸ்திரேலியாவின் மூன்று லைம்கள். கும்குவாட்டை ஸ்விங்கிள் ஃபார்ச்சுனெல்லா என்றும், ஆஸ்திரேலிய லைம்களை மைக்ரோசிட்ரஸ், எரிமோசிட்ரஸ் என்றும் தனிப் பேரினங்களாகப் பிரித்து வைத்திருந்தார். டிஎன்ஏ மரத்தில் அவை சிட்ரஸ் கிளைகளுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டன. ஆஸ்திரேலிய வகைகளைத் தாவரவியலாளர் மேபர்லி 1998லேயே சிட்ரஸுக்குள் சேர்த்திருந்தார்.

காலக் கணக்குக்கு ஒரு ஆணி வேண்டும். சீனாவின் யுனான் மாகாணத்தில் லின்சாங் பகுதியில் கிடைத்த சிட்ரஸ் இலைப் புதைபடிவம், மயோசீன் என்ற புவியியல் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது, அந்த ஆணியாக உதவியது. அதை வைத்துப் பின்னோக்கி எண்ணினால், ஆசியச் சிற்றினங்கள் 60 முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பருவமழை பலவீனமடைந்து காலநிலை மாறிய சமயத்தில், வேகமாகப் பிரிந்து பரவியிருக்கின்றன. தொடங்கிய இடம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அசாம், வட மியான்மர், மேற்கு யுனான் சேரும் பகுதி என்பது அந்த அணியின் முடிவு. அங்கிருந்து ஒரு கிளை சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. வறண்ட உட்பகுதியில் வாழும் பாலைவன லைம் அந்தக் கிளையின் பிள்ளை.

இந்த முடிவுகள் எல்லாம் கல்வெட்டு இல்லை. 2018 கட்டுரை ஜப்பானின் தாச்சிபனாவை, மாண்டரினிலிருந்து தீவுகளில் பிரிந்துபோன துணையினம் என்றது. 2021ல் அதே அணியினர் ஒகினாவா ஆய்வாளர்களோடு சேர்ந்து ஜப்பானின் தெற்கே உள்ள ரியூக்யூ தீவுகளில் தேடியபோது, அதுவரை தனியாக அறியப்படாத ஒரு காட்டுச் சிற்றினம் கிடைத்தது. நகல் எடுக்காமல் முறைப்படி இனப்பெருக்கம் செய்யும் அதற்கு சிட்ரஸ் ரியூக்யூயென்சிஸ் என்று பெயர். தாச்சிபனாவும், ஒகினாவாவில் சாறுக்குப் பயன்படும் ஷீகுவாஷாவும் இந்தத் தீவுச் சிற்றினம் பெருநில மாண்டரின்களோடு கலந்து பிறந்தவை என்று ஆனது. தங்கள் முடிவைத் தாங்களே மூன்று ஆண்டில் திருத்திக்கொண்டார்கள். ஒரு பெற்றோரின் மாதிரி கையில் இல்லாவிட்டால் கலப்பினம்கூட அசல் போலவே தோன்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிறந்த இடத்திலும் கருத்து மாறுகிறது. 2023ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த சீன ஆய்வு, சிட்ரஸின் தாயகத்தைத் தென்மத்திய சீனாவுக்கு நகர்த்தியது.

எனக்கு இந்த ஆய்வுகளில் ஒரு குறை தெரிகிறது. அறுபது மாதிரி ஒரு பேரினத்துக்குக் கொஞ்சம். மேகாலயாவில் காரோ மலையின் நோக்ரெக்கில் சிட்ரஸ் மரபணுக் காப்பகம் என்றே ஒரு காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது, சிட்ரஸ் இண்டிகா என்ற காட்டு ஆரஞ்சு அங்கே இருக்கிறது. நம் ஊரில் நார்த்தை என்ற பெயரிலேயே ஊருக்கு ஊர் வேறு வேறு மரம். கடாரங்காய், கொழிஞ்சி என்று பெயர்கள் ஒன்றோடொன்று புரண்டு கிடக்கின்றன. பெயரை நம்பி மாதிரி எடுத்தால் தனகா விழுந்த அதே குழியில் விழ வேண்டியதுதான்.

இந்த வம்சாவளியால் யாருக்கு என்ன லாபம்? தோட்டக்காரருக்கு நிறைய. உலகில் உள்ள இனிப்பு ஆரஞ்சு ரகங்கள் எல்லாம் ஒரே ஒரு கலப்பு மரத்தின் வழித்தோன்றல்கள், மொட்டுகளில் தற்செயலாக வந்த சின்னச் சின்ன மாற்றங்கள்தான் அவற்றைப் பிரிக்கின்றன. ஒன்றைத் தாக்கும் நோய்க்கு எல்லாமே இரை. 2005ல் புளோரிடாவில் கண்டறியப்பட்ட பசுமையாக்க நோய் அந்த மாநில ஆரஞ்சுத் தொழிலைக் குலைத்துப் போட்டது. ஆஸ்திரேலிய லைம்கள் சிலவற்றுக்கு அந்த நோயைத் தாங்கும் திறன் இருக்கிறது. தனிப் பேரினம் என்று ஒதுக்கப்பட்டவை சொந்தக்காரர்கள்தான் என்று ஆனதால், நோய் எதிர்ப்பைத் தேடுபவர்கள் அவற்றை ஆரஞ்சு வகைகளோடு கலந்து பார்க்கிறார்கள்.

ஆனால் இங்கும் அந்தப் பழைய முளைத் தொல்லை குறுக்கே நிற்கிறது. இனிப்பு ஆரஞ்சைத் தாயாக வைத்து எந்த மகரந்தத்தைத் தடவினாலும் வருபவை பெரும்பாலும் தாயின் நகல்களே. அதனால் விதைக்கு ஒரே கரு தரும் பம்பளிமாஸையோ கிளெமென்டைனையோ தாயாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நகல் எடுக்கும் குணத்தை எந்த மரபணுப் பகுதி தூண்டுகிறது என்பதை 2017ல் சீன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவின் முன்பகுதியில் வந்து செருகிக்கொண்ட ஒரு குட்டி டிஎன்ஏ துண்டுதான் காரணம். நாற்றில் இரண்டு இலை விட்டதும் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதித்தால், அதில் அந்தத் துண்டு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மகரந்தம் கொடுத்த மரத்தின் அடையாளம் இருக்கிறதா என்றும் அதே துணுக்கில் பார்க்கலாம். எந்த முளை நிஜப் பிள்ளை, எது நகல் என்று அறிய, மரம் காய்க்கும் வரை பல வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.